பளபளப்பைக் கொன்ற கை

"பிணம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் வாயாடி அந்த அறைக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேஜைமேல் இருந்தது ஒரு பிளாஸ்டிக் விமானம். முழங்கை நீளம்கூட வராது. ஆனால் அதன் பக்கத்தில் நின்ற புருஷன் பெண்டாட்டி இருவர் முகத்திலும் இழவு விழுந்திருந்தது.

வாயாடி என்பது அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏகமனதாக வைத்த பெயர். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் துப்பறிவாளருக்கு அவள் ஒருத்தியாகவே வைத்த பெயர் கோட்டான். ஊமைக் கோட்டான் என்பதில் முன்பாதியை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டாள். மனிதர் முட்டைக் கண்ணால் ஒரு பொருளை ஆற அமரப் பார்ப்பார். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை வரும். மிச்சத்தைப் பேசுவது அவள் உத்தியோகம்.

காலையில் அலுவலகத்துக்கு வந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள் அந்த வீட்டுக்காரி. அவள் கணவரை மாடல் விமானம் செய்கிறவர்கள் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நிஜ விமானத்தின் அலுமினியத் தகடு எப்படி மின்னுமோ அப்படியே பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். மறுநாள் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. கண்ணாடி அலமாரி நிறைய ஏற்கெனவே கோப்பைகள் நின்றன.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைங்க," என்றார் மாஸ்டர். "நேத்து மத்தியானம் வரைக்கும் முகம் பார்க்கலாம் அதுல. இப்பப் பாருங்க. எவனோ மேட் வார்னிஷை அடிச்சுட்டுப் போயிட்டான்."

"வார்னிஷ் நல்லதுதானே?" என்றாள் வாயாடி. "எங்க வீட்டுக் கதவுக்கு அடிச்சாங்க. கதவு என்னைவிட லட்சணமா இருக்கு."

மாஸ்டர் வாயைத் திறந்து மூடினார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"மத்த பெயிண்டுக்கு நல்லதும்மா. உலோகப் பூச்சுக்கு எமன். முதல்ல பளபளன்னு கறுப்பு அடிக்கணும். அது நல்லா காஞ்சப்புறம் அலுமினியப் பொடி கலந்த பெயிண்டை, மூச்சுக்காத்து படற மாதிரி, லேசா தூவணும். கறுப்பு அடியிலிருந்து மினுக்கும். அதுதான் உலோகம். மேல வார்னிஷ் பட்டா செத்துடும். அப்புறம் வெறும் சாம்பல் கலர்."

"அதேதான், அதேதான்," என்றார் மாஸ்டர்.

இதற்குள் கோட்டான் குனிந்துவிட்டார். வாயாடியும் பார்த்தாள். இறக்கையிலும் உடம்பிலும் சாம்பல் படர்ந்திருந்தது. பட்டையாக அடித்த ஒவ்வொரு வரியும் தொடங்குகிற இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு உறைந்து நின்றது. விமானி உட்காரும் காக்பிட்டின் கண்ணாடி மூடி மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளே நகக்கண் அளவு மீட்டர்கள், அவற்றில் முள், இருக்கையில் மயிரிழை போன்ற பெல்ட்டு என்று எல்லாம் பொறுமையாகச் செய்து வைக்கப்பட்டிருந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது.

மாஸ்டர் விமானத்தை ஒரு பிடியாகத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். மனைவி சட்டென்று கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டாள்.

"நேத்து வீட்டுக்கு யார் வந்தா?" என்று கேட்டார் கோட்டான்.

"துப்பறியவே வேண்டாம் சார். என் மச்சான்தான். இவளோட கூடப் பொறந்தவன். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கம்ப்ரஸர் குழாயை இரவல் வாங்கிட்டுப் போனவன், திருப்பிக் கொடுக்க வந்தான். நான் மாடியில படுத்திருந்தேன். இவ கண்காட்சி மேஜைக்குத் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தா. அவன் வந்தான், போனான், அவ்வளவுதான். பொறாமை சார். சங்கத்துல சேர்த்துவிடுங்கன்னு கேட்டான், நான் முடியாதுன்னேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவன்தான் பண்ணினான்னா நானே கதவைச் சாத்திடறேன். இல்லைன்னா இல்லைன்னு தெரியணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அப்போதுதான் வாயாடி அவள் இடது கட்டைவிரலைக் கவனித்தாள். நகத்தின் ஓரத்தில் வெள்ளியாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு விரலுக்கு மட்டும் பாலிஷ் போடுகிற நாகரிகம் எப்போது வந்தது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

கோட்டான் மேஜையோரம் கிடந்த ஏர்பிரஷ்ஷை எடுத்தார். பேனா பருமனில், பெயிண்ட் பீச்சும் ஒரு சின்னத் துப்பாக்கி. விசையை அழுத்தினால் அசையவில்லை.

"வார்னிஷ் உள்ளேயே காஞ்சு ஊசி பிடிச்சுக்கிச்சு," என்றாள் மனைவி. "அடிச்சுட்டு கழுவாம போட்டிருக்கு." விமானத்துக்கு அடுத்தபடி அவளுக்கு அதுதான் வலித்தது போலிருந்தது.

* * *

மச்சான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு காரின் கதவு தனியாகக் கழன்று கொக்கியில் தொங்கியது. அவன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். கண் சிவந்திருந்தது. பெயிண்ட் நெடியாலா அழுகையாலா என்று வாயாடியால் சொல்ல முடியவில்லை.

"மாமா அனுப்பினாரா?"

"உங்க அக்கா அனுப்பினாங்க," என்றாள் வாயாடி. "உண்மையைச் சொன்னா சீக்கிரம் போயிடுவோம். பொய் சொன்னா நான் பேச ஆரம்பிச்சுடுவேன். எது வசதி?"

"நான் குழாயை வாசல் திண்ணையிலயே வச்சுட்டு வந்துட்டேங்க. உள்ளகூடப் போகலை. போனா மாமா ஏதாவது சொல்லுவார், நானும் ஏதாவது சொல்லுவேன், அக்காதான் நடுவுல மாட்டிக்கும்."

"அதைப் பார்த்த சாட்சி?"

"குழாய்தான் சாட்சி. அது வாயைத் திறந்து சொல்லணும்."

இவன் நம்ம சாதி என்று வாயாடிக்கு அவன்மேல் ஒரு மதிப்பு வந்தது. கோட்டான் கார்க் கதவைக் காட்டினார்.

"அதுல ஒரு வரி அடிங்க."

அவன் முகமூடியை ஏற்றிக்கொண்டு, பெயிண்ட் அடிக்கும் கன்னோடு கதவுக்கு நேராக நின்றான். கை முதலில் நகர்ந்தது. கதவின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே, வெறும் காற்றில், பெயிண்ட் சீறியது. அப்படியே கதவின் குறுக்கே ஒரே சீராகப் போய், மறு விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது. கதவில் ஒரு சொட்டுகூட இல்லை.

"ஏன் காத்துல ஆரம்பிக்கிறீங்க? பெயிண்ட் வீணாகாதா?" என்று கேட்டாள் வாயாடி.

"விசையை அழுத்தினதும் கன் ஒரு துப்பு துப்புங்க. அந்தத் துப்பல் வெளியில விழணும். பொருள் மேலயே ஆரம்பிச்சா சொட்டு நிக்கும். பெரிய கன்னோ சின்னக் கன்னோ, முதல் நாள் பாடம் இதுதான்."

"உங்களுக்கு யார் நடத்தின பாடம்?" என்றார் கோட்டான்.

அவன் பேசிக்கொண்டே தின்னரை ஊற்றிக் கன்னைக் கழுவிக்கொண்டிருந்தான். கை சட்டென்று நின்றது.

"வீட்லதான்."

"மாமாவா?" என்றாள் வாயாடி.

அவன் சிரித்தான். கசாயம் குடித்தவன் சிரிப்பு. "மாமாவைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு மட்டும் எழுதி வச்சுக்கங்க. அந்த பிளேனை நான் தொட மாட்டேன். அது யாரோட உழைப்புன்னு எனக்குத் தெரியும்." கன்னின் ஊசியை வெளியே உருவித் துணியால் துடைத்தான். "என் அக்கா போன் பண்ணி, 'நீ பண்ணினியா'ன்னு கேட்டுச்சுங்க. அதுவே கேட்டுச்சு. இதுக்கு மேல எனக்கு என்ன ஆனா என்ன?"

வாயாடி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

* * *

"அவன் இல்லை சார்," என்று ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பே ஆரம்பித்தாள். "கொலை பண்ணினவன் கத்தியைத் துடைக்காம ஓடலாம். பெயிண்டர் கன்னைக் கழுவாம போக மாட்டான். பேசிக்கிட்டு இருக்கும்போதே கை தானா கழுவுது. அப்புறம் அந்தச் சொட்டு. பிளேன்ல ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொட்டு இருக்கு. அடிச்சவன் முதல் நாள் பாடத்துக்கே வராதவன்."

கோட்டான் தலையாட்டினார்.

"அப்போ அடிக்கத் தெரியாத ஆள். சங்கத்துக்காரங்க எல்லாருக்கும் அடிக்கத் தெரியும், அதனால போட்டிக்காரங்க இல்லை. வெளியாள் பூட்டை உடைக்கலை. அந்த வீட்டுக்குள்ள அடிக்கத் தெரியாதது யாரு?" அவளே பதிலும் சொன்னாள். "அந்த அக்கா! கட்டின புருஷன் வருஷக்கணக்கா பொம்மையோட குடும்பம் நடத்தினா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அடிச்சும் தொலைச்சுட்டு, தம்பி மேல பழி விழுந்ததும் பயந்துபோய் நம்மகிட்ட வந்திருக்கு. எப்படி என் மூளை?"

"கண்ணாடி?" என்றார் கோட்டான்.

"என்ன கண்ணாடி?"

"காக்பிட் மூடி. அதுல ஏன் படலை?"

வாயாடி வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. ஆத்திரத்தில் அடிக்கிறவர்கள் பார்த்துப் பார்த்து அடிப்பதில்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டில் உடைந்த சாமான்கள் எல்லாம் பாரபட்சமில்லாமல் உடைந்தவை.

கோட்டான் ஓரமாக நின்று சங்கச் செயலாளருக்கு ஒரு போன் போட்டார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசியது. இந்தப் பக்கம் இரண்டு 'சரி'யோடு முடிந்தது.

"என்ன கேட்டீங்க சார்?"

"நாளைக்கு அந்த மேஜையில யார் பேர் போட்டிருக்குன்னு."

"மாஸ்டர் பேர்தான். வேற யார் பேர்?"

அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, ஓட்டு என்பதுபோல் அவள் தோளைத் தட்டினார். முகம் சரியில்லை. ஜெயித்த கேஸில் அவர் முகம் இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

* * *

மாடல் செய்கிறவர்கள் புது பெயிண்டை நேராக விமானத்தில் அடிப்பதில்லை. பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பார்கள். ஸ்பூனின் முதுகு விமானத்தின் உடம்பு போலவே வளைந்திருக்கும். மாஸ்டர் வீட்டு அறையின் இழுப்பறையைத் திறந்தால் ஒரே ஸ்பூன்களாக இருந்தன. ஒன்று புத்தம்புது அலுமினியம், ஒன்று வெயிலில் மங்கின அலுமினியம், ஒன்று எஞ்சின் சூட்டில் நீலம் பூத்த எஃகு.

கோட்டான் கறுப்பு அடித்த ஸ்பூன் ஒன்றைப் பொறுக்கினார். மாஸ்டர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த இன்னொரு ஏர்பிரஷ்ஷில் அலுமினியப் பெயிண்டை ஊற்றினார்.

"ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க மாஸ்டர்."

"இன்னிக்கு மணிக்கட்டுல வலிங்க."

"அப்போ நானே."

ஸ்பூனின் நடுவில் குறிவைத்து அழுத்தினார். பொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி அழுத்தினார். மறுபடியும் ஒரு சொட்டு. மாஸ்டர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் தள்ளிப் பிடிங்க," என்றார். தள்ளிப் பிடித்தார். சொட்டு அப்படியே விழுந்தது. வாசலில் தேநீர்த் தட்டோடு வந்து நின்ற மனைவியின் கையில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

மூன்றாவது தடவை அவளால் தாங்க முடியவில்லை.

"வெளியில ஆரம்பிங்க! அதுமேல வச்சு அழுத்தினா துப்பத்தானே செய்யும்? காத்தைக் குறைங்க முதல்ல."

தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து கன்னை வாங்கிக்கொண்டாள். கம்ப்ரஸரின் திருகைப் பார்க்காமலே திருப்பினாள். இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்ன ஊதல் ஊதிப் பார்த்தாள். பிறகு ஸ்பூனுக்கு வெளியே தொடங்கி, வெளியே முடித்து, மறுபடி, மறுபடி. கறுப்பு ஸ்பூன் அவர்கள் கண்ணெதிரே உலோகமானது. தட்டினால் ஓசை வரும் என்று வாயாடி நினைத்தாள்.

அடித்து முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. கன்னைப் பிடித்தபடியே நின்றாள்.

"சும்மா, நான்தான் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தேன் இவளுக்கு," என்றார் மாஸ்டர்.

"கோப்பை வாங்கின பிளேன் எல்லாம் யார் அடிச்சது?" என்று கோட்டான் அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"கட்டறது அவர்," என்றாள். "ஒட்டறது, இணைப்புத் தெரியாம தேய்க்கறது, காக்பிட், சக்கரம், எல்லாம் அவர் கை. மேல அடிக்கறது நான். கல்யாணமான புதுசுல அவர் அடிச்சது திட்டுத் திட்டா வந்துச்சு. தூக்கிப் போடப் போனார். நான் விளையாட்டா சரிபண்ணினேன். அதுக்குப் பரிசு வந்துச்சு. யார் அடிச்சதுன்னு யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அப்புறம் அதுவே பழகிடுச்சு. தம்பிக்கு நான்தான் கத்துக் கொடுத்தேன். அவன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த வருஷம் மட்டும் என் பேர்ல வைக்கணும்னு கேட்டேன். இல்லைன்னா இனிமே கன்னைத் தொட மாட்டேன்னு சொன்னேன். பார்க்கலாம்னார்."

"கொடுத்துட்டார். நாளைக்கு மேஜையில உங்க பேர்தான். செயலாளர் சொன்னார்."

"நிஜமாவா?"

அவள் முகம் மலர்ந்ததை வாயாடி பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன சாம்பல் விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, புருஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று ஒரு பெண் பூரித்துப் போனாள். வாயாடிக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. இப்போது கோட்டான் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். வருஷம் முழுக்கப் பேசாத மனிதர் அன்றைக்குப் பார்த்துப் பேசினார்.

"இந்த பிளேன்ல ரெண்டு பேர் உழைப்பு இருக்கும்மா. வந்தவன் ஒருத்தர் உழைப்பைக் கொன்னுட்டான். இன்னொருத்தர் உழைப்பை மூடிக் காப்பாத்தியிருக்கான். கண்ணாடி மூடியைச் சுத்தி விரலை வச்சுப் பாருங்க."

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியின் விளிம்பில் மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடியது. டேப் ஒட்டி, வார்னிஷ் அடித்து, டேப்பை உரித்த தடம். அவளுக்குத் தெரியாத தடமா?

"கன்னுல அடிக்கத் தெரியாது. கழுவத் தோணலை. ஆனா டேப் மட்டும் அளவா வெட்டி ஒட்டியிருக்கு," என்றார் கோட்டான். அதோடு அவர் பேச்சு முடிந்தது.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெம்பில்லாமல் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம்.

"நான் வேற என்ன பண்றது? பேர் கொடுத்துட்டு வந்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது. நாளைக்கு இதைப் பார்த்ததும் கேக்க மாட்டாங்களா? அப்போ இத்தனை வருஷமும் இவதான் அடிச்சாளான்னு கேக்க மாட்டாங்களா? ஆபீஸ்ல எனக்கு ஒரு மரியாதையும் இல்லை, உனக்கே தெரியும். எனக்குன்னு இருக்கறது அந்தச் சங்கத்துல இருக்கிற பேர் ஒண்ணுதான். உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"என் தம்பி மேல போட்டீங்களே."

"அவன் ஆம்பளை. தாங்கிக்குவான். ரெண்டு மாசத்துல நானே கூப்பிட்டுப் பேசியிருப்பேன்."

வாயாடிக்குக் கை பரபரத்தது. எதிரில் மேஜைமேல் கனமான தின்னர் டப்பா ஒன்றும் இருந்தது. கோட்டான் அதை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"உங்க காக்பிட்டுக்கு டேப் ஒட்டணும்னு தோணிச்சு," என்றாள் மனைவி. குரல் ஏறவே இல்லை. "உக்காந்து, அளவெடுத்து, வெட்டி ஒட்டியிருக்கீங்க. அவ்வளவு நேரம் இருந்திருக்கு. அப்போகூட என் ஞாபகம் வரலையா?"

மாஸ்டர் விமானத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "உரிச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சுடலாமே. நீ மனசு வச்சா நாளைக்குள்ள ஆகாதா?" என்றார்.

"கறுப்பு காயவே ரெண்டு நாள் ஆகும். அது உங்களுக்குத் தெரியாது."

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "நீ இல்லைடா. தெரிஞ்சுபோச்சு. உன்னைக் கேட்டேன் பாரு, என் வாயில மண்ணைப் போட," என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அப்போதுதான் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில வண்டி எடுத்துட்டு வா. பிளேனைக் கொண்டு போகணும்," என்றாள்.

"இதையா?" மாஸ்டர் எழுந்துவிட்டார். "இந்தக் கோலத்துலயா? பைத்தியமா உனக்கு? சிரிப்பாங்க."

"என் பேர் போட்டிருக்குல்ல? நான் கொண்டு போய் வைக்கணும்."

அவள் விமானத்தின் சக்கரக் குழியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்துத் தூக்கினாள். சாம்பலாகிப்போன உடம்பில் ஒரு விரல் ரேகைகூடப் படவிடாமல் பெட்டிக்குள் வைத்தாள்.

* * *

மறுநாள் அரங்கத்தில் நல்ல கூட்டம். கேஸ் முடிந்துவிட்டது. வரவேண்டிய அவசியம் எதுவும் கோட்டானுக்கு இல்லை. ஆனாலும் வந்து ஒரு தூணில் சாய்ந்து நின்றார். வாயாடியும் வந்தாள்.

எல்லா மேஜைகளிலும் விமானங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. ஒரே ஒரு மேஜையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. முன்னால் ஓர் அட்டை. அட்டையில் அவள் பெயர், கொட்டை எழுத்தில், பிழையில்லாமல். அவள் பின்னால் நின்றாள். தம்பி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

மாஸ்டரும் வந்திருந்தார். வராமலிருந்தால் ஏன் என்று கேட்பார்களே. அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று, இந்த வருஷம் அவர் பேரில் விமானம் இல்லையே என்று துக்கம் விசாரித்தார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு விட்டுக்கொடுத்து இந்த வருஷம் அவர் ஒதுங்கிக்கொண்டது எவ்வளவு பெரிய மனசு என்று ஒருவர் சிலாகித்தார். மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவர் நல்ல மனிதர், வயதானவர். அந்த மேஜையின் முன் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். குனிந்து காக்பிட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடா! இது மாஸ்டர் வேலை. சொல்லவே வேண்டாம், தெரியுது."

பிறகு இறக்கையைப் பார்த்தார். சொட்டுகளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவலையோடு அவளிடம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. முதல் தடவைன்னா இப்படித்தான் இருக்கும். கூச்சப்படாம வீட்லயே கேட்டிருக்கலாம் நீங்க. மாஸ்டர் கை கொஞ்சம் பட்டிருந்தா இதுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

தம்பி ஓர் அடி முன்னால் வந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கூட்டத்துக்கு நடுவில் நின்ற கணவரை ஒருமுறை பார்த்தாள்.

"பட்டுச்சு சார்," என்றாள். "அதனாலதான் இந்தக் கதி."

நடுவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, புருஷன் பெண்டாட்டி கேலி என்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.